இடுப்பில் உறுத்தாமல் கைத்துப்பாக்கி: ஹூஸ்டன் வெயிலில் எது ஒத்துவரும்?

கேட்டிவாசி | 4 மே 2024, காலை 8.12

என்னிடம் இருப்பது கிளாக் 19 கைத்துப்பாக்கி. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்ளே, தோல் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை). உயரம் 5 அடி 7, இடுப்பு 38, முன்னால் தொப்பை உண்டு. நடந்தால் தெரிவதில்லை. காரில் உட்கார்ந்தால் பிடி விலாவுக்குக் கீழே குத்துகிறது, ஸ்லைடு (குழலை மூடிய மேல்பாகம்) இடுப்பெலும்பை அரைக்கிறது. பாதி நாள் அது காரின் டேஷ்போர்டு பெட்டியில்தான் கிடக்கிறது. மெலிதான கிளாக் 43எக்ஸ் வாங்கினால் எல்லாம் தீரும் என்கிறார் கடைக்காரர். அப்படியா? டெக்சாஸ் லைசென்ஸ் இருக்கிறது.

பழையபெல்ட் | 4 மே 2024, காலை 9.05

டேஷ்போர்டு பெட்டியில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். கண்ணாடியை உடைத்து அதைத் திறக்க அரை நிமிடம் போதும். திருடன் முதலில் கை விடும் இடமும் அதுதான்.

43எக்ஸ் கதைக்கு வருவோம். கிளாக் 19-இன் உயரம் மேகசினோடு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 128 மில்லிமீட்டர். 43எக்ஸ் உயரமும் 128. சட்டைக்கு மேல் துருத்திக் காட்டிக்கொடுப்பது பிடிதான், குழல் அல்ல. பிடியின் உயரம் மாறாதபோது மறைப்பதில் பெரிய லாபம் கிடையாது. ஸ்லைடின் அகலம் 25.5-இலிருந்து 22 மில்லிமீட்டராகக் குறையும். எடையும் ஏழு அவுன்ஸ் அளவுக்குக் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்களைக் குத்துவது எடையோ அகலமோ இல்லை, துப்பாக்கி உட்கார்ந்திருக்கும் கோணமும் இடமும். அதே ஹோல்ஸ்டரில் அதே இடத்தில் 43எக்ஸ் வைத்தாலும் அதே எலும்பில்தான் குத்தும்.

மாற்ற வேண்டிய வரிசை: பெல்ட், ஹோல்ஸ்டர், இடம், சட்டை. துப்பாக்கி கடைசி. என்ன பெல்ட் கட்டுகிறீர்கள்?

கேட்டிவாசி | 4 மே 2024, காலை 9.20

ஆபீஸுக்குப் போடும் சாதாரண தோல் பெல்ட்.

பழையபெல்ட் | 4 மே 2024, காலை 10.31

பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. தோட்டா நிறைத்த 19 கிட்டத்தட்ட 30 அவுன்ஸ், அதாவது 850 கிராம். சாதாரண பெல்ட் அந்த எடையில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் பிடி வெளிப்பக்கம் சாயும். சாய்ந்ததை உள்ளே இழுக்க நீங்கள் பெல்ட்டை இன்னும் இறுக்குவீர்கள். இறுக்கினால் ஸ்லைடு எலும்பில் அழுந்தும்.

துப்பாக்கிக்கென்றே செய்யும் பெல்ட் ஒன்றரை அங்குல அகலம் இருக்கும், நடுவில் பாலிமர் அல்லது எஃகுப் பட்டை வைத்திருப்பார்கள். பரிசோதனை எளிது: பெல்ட்டின் இரு விளிம்புகளையும் விரல்களால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நீளவாக்கில் வளையலாம், குறுக்கில் முறுக்கக் கூடாது. துளை இல்லாத ராட்செட் பெல்ட் நல்லது. துளை பெல்ட்டில் ஒரு படி என்பது ஒரு அங்குலம், ராட்செட்டில் கால் அங்குலம். சாப்பிட்ட பிறகு ஒரு படி தளர்த்திக்கொள்ளலாம், காரில் ஏறும்போதும் அப்படியே.

பேன்ட் இடுப்பளவு வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும். உள்ளே ஒரு துப்பாக்கியும் ஹோல்ஸ்டரும் போகின்றன. அந்த இடத்தை வயிறு விட்டுக்கொடுக்காது, துணிதான் கொடுக்க வேண்டும்.

ரேஞ்ச்ஆள் | 4 மே 2024, மதியம் 1.47

தோல் ஹோல்ஸ்டர் என்றதும் ஒரு கேள்வி. துப்பாக்கியை வெளியே எடுத்தபின் அதன் வாய் திறந்தே நிற்கிறதா, மூடிக்கொள்கிறதா? மூடிக்கொண்டால் இன்றே குப்பையில் போடுங்கள். பழசாகித் தளர்ந்த தோலின் விளிம்பு மடிந்து ட்ரிகர் கூண்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) போய், திரும்பச் செருகும்போது வெடித்த நிகழ்வுகள் உண்டு. கிளாக்கில் தனி சேஃப்டி நெம்புகோல் கிடையாது. ட்ரிகரை மூடும் ஹோல்ஸ்டர்தான் அதற்குச் சேஃப்டி.

கைடெக்ஸ் (கடினமான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் வாங்குங்கள். 60 முதல் 110 டாலருக்குள் நல்லது கிடைக்கும். பார்க்க வேண்டியவை: ட்ரிகர் கூண்டு இருபுறமும் முழுசாக மூடியிருக்க வேண்டும், வாய் தானாக மூடக்கூடாது, துப்பாக்கி உள்ளே போனதும் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழக்கூடாது (காலி துப்பாக்கியோடு, மெத்தைக்கு மேல் வைத்து உதறுங்கள்). ஆகாதவை: எல்லா துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணிப்பை, ஒற்றைப் பிளாஸ்டிக் கிளிப். அந்தக் கிளிப் பெல்ட்டைச் சரியாகக் கவ்வாது. எடுக்கும்போது துப்பாக்கியோடு ஹோல்ஸ்டரும் சேர்ந்து வரும்.

பழையபெல்ட் | 4 மே 2024, மாலை 6.15

இடம் பற்றி. கடிகார முகம் போல எண்ணுங்கள்: தொப்புள் 12, வலது இடுப்பு 3, முதுகுத்தண்டு 6. நீங்கள் வைத்திருப்பது 4 மணியில். காரில் சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டுவது அதனால்தான்.

என் பரிந்துரை முன்பக்கம், 12.30 முதல் 1 மணி. அங்கே எலும்பு இல்லை, இரண்டு கைக்கும் எட்டும், கூட்டத்தில் யாராவது உரசினால் உடனே தெரியும், குனிந்தாலும் பின்னால் துருத்தாது. ஹோல்ஸ்டரில் இரண்டு பொருள் கட்டாயம் வேண்டும்.

ஒன்று, சிறகு என்று சொல்லும் கிளா. ட்ரிகர் கூண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டு. அது பெல்ட்டின் உட்புறத்தில் அழுந்தி, பிடியை வயிற்றுப் பக்கம் திருப்பும். பெல்ட் அதன்மேல் படவில்லை என்றால் பயனே இல்லை. வாங்கியவர்களில் பலர் ஹோல்ஸ்டரை உயரமாகவோ தாழ்வாகவோ மாட்டிவிட்டு, கிளா வேலை செய்யவில்லை என்பார்கள். கண்ணாடி முன் நின்று, கிளா சரியாகப் பெல்ட்டின் அகலத்துக்குள் படுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று வெட்ஜ், அதாவது ஆப்பு. ஹோல்ஸ்டரின் கீழ்முனையில், உடம்புப் பக்கம் ஒட்டும் நுரைத் துண்டு. அது குழலின் முனையை உடம்பிலிருந்து தள்ளும். அப்போது மேலே இருக்கும் பிடி வயிற்றை நோக்கிச் சாயும். கூடவே, கூர்மையான கீழ்முனை அடிவயிற்றில் குத்தாமல் ஒரு தலையணையும் ஆகிறது. மேலே ஒட்டினால் நேர் எதிராக நடக்கும், பிடி வெளியே போகும். எவ்வளவு தடிமன் தேவை என்று தெரியாமல் காசு போடாதீர்கள். பழைய ஷூவின் உள்ளங்கால் அட்டையை வெட்டி, இரண்டு மூன்று அடுக்காக டேப் ஒட்டிப் பாருங்கள். அரை அங்குலத்தில் தொடங்கி ஒரு அங்குலத்துக்குள் உங்கள் அளவு வந்துவிடும். அதன்பிறகு வாங்கலாம்.

ரேஞ்ச்ஆள் | 4 மே 2024, இரவு 10.02

38 இடுப்புக்கும் தொப்பைக்கும் நேராக முன்பக்கமா? ஒப்பவில்லை. உட்கார்ந்தால் தொப்பை பிடியை வெளியே தள்ளும், குழல் முனை தொடைமடிப்பில் இறங்கும். 3.30-இல் வைத்து, 15 டிகிரி முன்சாய்வு கொடுத்தால் போதும். பிடி முன்பக்கம் சாயும்போது விலாவின் வளைவோடு ஒட்டிப்போகும், சட்டைக்குள் காணாமல் போகும். இவர் இப்போது சாய்வே இல்லாமல் நேராக வைத்திருக்கிறார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கேட்டிவாசி | 4 மே 2024, இரவு 10.20

ஆமாம், நேராகத்தான். சாய்வை மாற்ற அதில் வழியே இல்லை.

பழையபெல்ட் | 5 மே 2024, காலை 7.30

ரேஞ்ச்ஆள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொப்பை எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. பெல்ட்டுக்கு மேல் மட்டும் இருந்தால் முன்பக்கம் அருமையாக மறையும், தொப்பையே கூரை போல நின்று மூடிவிடும். பெல்ட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் 3.30 தான் சுகம். உடனே முடிவு செய்யாதீர்கள். சாய்வையும் உயரத்தையும் திருகாணியால் மாற்றக்கூடிய ஹோல்ஸ்டராக வாங்கி இரண்டையும் பாருங்கள்.

உயரம் பற்றி: தாழ வைத்தால் நன்றாக மறையும், ஆனால் பிடியை முழுக்கையாகப் பற்ற முடியாது. நடுவிரல் ட்ரிகர் கூண்டுக்கு அடியில் பெல்ட்டில் இடிக்காமல் நுழைய வேண்டும், அதுதான் கீழ் எல்லை. ரொம்ப மேலே வைத்தால் எடையெல்லாம் பெல்ட்டுக்கு மேல் போய், துப்பாக்கி வெளியே கவிழும். கால் அங்குலம் கால் அங்குலமாக மாற்றுங்கள். ஒரே நாளில் மூன்று விஷயத்தையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பலர் நம்ப மறுக்கும் ஒன்று: முன்பக்கத்துக்குக் குட்டைக் குழலைவிட நீளக் குழல் சுகம். பெல்ட்டுக்குக் கீழே நீளம் இருந்தால் அது உடம்பில் அழுந்தி, மேலே இருக்கும் பிடியை நிமிர்த்திப் பிடிக்கும். கீழே பிடிமானம் இல்லாத குட்டைத் துப்பாக்கி தலைகனத்துக் கவிழும். 43எக்ஸின் குழல் 3.41 அங்குலம், அதே பிடி கொண்ட கிளாக் 48-இன் குழல் 4.17. முன்பக்கத்தில் 48 நன்றாக ஒட்டும். குட்டைத் துப்பாக்கிதான் வேண்டுமென்றால் நீளமான துப்பாக்கிக்குச் செய்த ஹோல்ஸ்டரில் வைக்கலாம். கீழே திறந்திருக்கும் வகையாக இருந்தால் பொருந்தும்.

இடதுகைக்காரன் | 5 மே 2024, காலை 11.40

முதுகுத்தண்டில் 6 மணியில் வைத்தால் என்ன? நன்றாக மறைகிறதே.

ரேஞ்ச்ஆள் | 5 மே 2024, மதியம் 12.05

வேண்டாம். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு. உட்கார முடியாது. பின்னாலிருந்து யாரும் எடுக்கலாம். குனிந்தால் சட்டை ஏறி ஊருக்கே தெரியும்.

ஷுகர்லேண்ட்அக்கா | 7 மே 2024, இரவு 9.14

எல்லாரும் பெல்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சுரிதார் பேன்ட்டுக்கு நாடா, சேலைக்கு உள்பாவாடை, வேட்டிக்கு அதுவும் இல்லை. பெல்ட்டே இல்லாத உடைக்கு என்ன செய்வது? பலரும் கைப்பைதான் என்கிறார்கள். குழந்தை உள்ள வீட்டில் கைப்பை என்றால் என் மனம் ஒப்பவில்லை.

பழையபெல்ட் | 7 மே 2024, இரவு 10.26

ஒப்பாமல் இருப்பதே சரி அக்கா. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவின் ஹேடன் ஊர் வால்மார்ட்டில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தது, வெடித்தது, தாய் அங்கேயே இறந்தார். அது துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. பை தோளில் இருக்கும்வரைதான் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடை வண்டியில் வைத்த நொடியில் அது வேறு யாருக்கோ எட்டுகிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு என் பதில், உடம்போடு கட்டுவது மட்டுமே.

பெல்ட் இல்லாத உடைக்கு இரண்டு வழி. மலிவானது பெல்லி பேண்ட், வயிற்றைச் சுற்றும் அகலமான எலாஸ்டிக் பட்டை. வெறும் துணிப்பை வைத்தது வேண்டாம், ட்ரிகர் இருக்கும் இடத்தில் கடினமான கைடெக்ஸ் மூடி தைத்ததாக இருக்க வேண்டும். வெறும் துணி வழியாக ட்ரிகரை அழுத்த முடியும். எலாஸ்டிக் நாளடைவில் தளரும், வியர்வை ஊறும், மேலே மேலே ஏறும்.

இரண்டாவது ஃபில்ஸ்டர் எனிக்மா. கைடெக்ஸ் ஹோல்ஸ்டரை ஒரு தகட்டில் திருகி, அதற்கென்று உள்ள மெல்லிய பெல்ட்டை உடைக்கு உள்ளே இடுப்பில் கட்டுவது. கீழே தொடையைச் சுற்றி ஒரு வார் உண்டு, துப்பாக்கியை உருவும்போது முழுச் சாதனமும் மேலே வராமல் அது பிடிக்கும். நாடா பேன்ட், ஓட்டப்பயிற்சி உடை, வேட்டி, எதற்கும் சரி. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பெல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்குவதுதான் காரணம். ஒரு விரல் நுழையும் அளவு போதும்.

சேலைக்கு நேர்மையான பதில்: முன்பக்க மடிப்பும் முந்தானையும் தாண்டி இடுப்பிலிருந்து விரைவாக எடுக்க வழி இல்லை. சேலை கட்டும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகலாம்.

ரேஞ்ச்ஆள் | 8 மே 2024, காலை 6.50

குர்தா பற்றி யாரும் பேசவில்லை. மறைப்பதற்கு அதைவிட நல்ல உடை இல்லை. தளர்வு, கீழே நீளம், பெரும்பாலும் பூவேலை. ஆனால் நீளம்தான் எடுக்கும்போது பகை. முழங்கால் வரை தொங்கும் துணியை ஒரே இழுப்பில் மார்பு வரை தூக்க முடியாது. பக்கவாட்டுப் பிளவு இருப்பதால் 3 மணி இடம் நன்றாக அமையும்: இடது கையால் முன்மடலைப் பற்றி, தொப்புளுக்குக் குறுக்கே இழுத்தால் இடுப்பு திறந்துவிடும். காலி துப்பாக்கியோடு கண்ணாடி முன் 50 தடவை செய்து பாருங்கள். துணி கட்டைவிரலுக்கும் பிடிக்கும் நடுவில் சிக்கும் இடம் தெரிந்துவிடும்.

சாதாரணச் சட்டைக்கு: வழக்கமான அளவைவிட ஒன்று பெரிது, கீழ்விளிம்பு பெல்ட்டுக்கு நான்கைந்து அங்குலம் கீழே, கட்டம் அல்லது பூப்போட்ட துணி. கம்பெனி கொடுக்கும் மெல்லிய வெளிர்நிற போலோ சட்டை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. ஜாக்கெட்டின் இடுப்புக் கயிற்றில் பிளாஸ்டிக் உருளை தொங்குமே, அதை வெட்டி எறியுங்கள். திரும்பச் செருகும்போது அது ட்ரிகர் கூண்டுக்குள் நுழையும் அளவில்தான் இருக்கிறது.

கேட்டிவாசி | 11 மே 2024, மாலை 5.33

ராட்செட் பெல்ட் வந்துவிட்டது. பெல்ட் மட்டும் மாற்றியதிலேயே பிடி சாய்வது பாதி நின்றுவிட்டது. கிளா வைத்த கைடெக்ஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன். ஆபீஸில் துப்பாக்கிக்குத் தடை. தினமும் பார்க்கிங்கில் கழற்றி, மாலையில் மாட்ட வேண்டும். அதற்கு எது வசதி?

பழையபெல்ட் | 11 மே 2024, இரவு 8.48

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் தம்பி, ஹோல்ஸ்டரின் கொக்கியையே தீர்மானிக்கும் விஷயம் இது.

தவறுதலாக வெடிப்பது பெரும்பாலும் எடுத்து வைக்கும் வேலையில்தான் நடக்கிறது. ஆகவே பார்க்கிங்கில் துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து உருவவே கூடாது. ஹோல்ஸ்டரோடு முழுசாக எடுத்து, ஹோல்ஸ்டரோடு பெட்டிக்குள் வைத்து, மாலையில் அப்படியே திரும்ப மாட்ட வேண்டும். ட்ரிகர் ஒரு நொடிகூட வெளியே தெரியாது. அதற்குப் பெல்ட்டை உருவாமலே கழற்றக்கூடிய எஃகு கிளிப் வேண்டும். பொத்தான் வைத்த தோல் வளையமும் சரி. பெல்ட்டை உள்ளே விட்டுக் கோக்கும் நிலையான வளையம் உங்களுக்கு ஆகாது, காருக்குள் பேன்ட்டோடு மல்லுக்கட்டுவீர்கள்.

பெட்டி: எஃகு, சாவி அல்லது எண் பூட்டு, சீட்டின் இரும்புச் சட்டத்தில் எஃகுக் கயிற்றால் கட்டியது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். வண்டியை நிறுத்தியபின் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். இரவில் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். பெட்டி, பகல் எட்டு மணி நேரத்துக்குத்தான்.

டெக்சாஸில் 2011 முதல் உள்ள சட்டப்படி, லைசென்ஸ் உள்ள ஊழியர் தன் பூட்டிய காரில் வைப்பதைப் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் தடுக்க முடியாது. கட்டடத்துக்குள் வருவதைத் தடுக்கலாம்.

இடதுகைக்காரன் | 12 மே 2024, காலை 10.10

ஓட்டும்போது சீட் பெல்ட் பற்றி யாராவது சொல்லுங்கள்.

ரேஞ்ச்ஆள் | 12 மே 2024, காலை 10.37

உட்கார்ந்து, சீட் பெல்ட்டின் இடுப்புப் பட்டையைத் துப்பாக்கிக்குக் கீழே, தொடைமடிப்பில் படுமாறு இழுத்துவிடுங்கள். பிடிக்கு மேல் போனால் விபத்தின்போது அதுவே வயிற்றில் இடிக்கும். அதன்மேல் சட்டையை வெளியே இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சட்டைக்கு மேல் பட்டை இறுகி, துப்பாக்கியின் வடிவம் அச்செடுத்தாற்போல் தெரியும். முன்பக்கம் வைப்பவர்கள் சீட்டின் சாய்வை ஒரு படி பின்னால் விட்டால் தொடைமடிப்பு விரியும். நீண்ட பயணத்தில் ராட்செட் ஒரு படி தளர்வு.

கணுக்கால் ஹோல்ஸ்டர் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுகம் என்பார்கள். வலதுகைக்காரருக்கு இடது காலின் உட்புறம். உட்கார்ந்தால் எட்டும், நின்றால் குனிய வேண்டும். 15 அவுன்ஸுக்கு உட்பட்ட எஸ்அண்ட்டபிள்யூ 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வருக்குத் தாங்கும். 19-க்குத் தாங்காது, கால் இழுக்கும். தோள் ஹோல்ஸ்டருக்குக் கோட் வேண்டும். ஹூஸ்டனில் கோட்டா?

கேட்டிவாசி | 12 மே 2024, மதியம் 2.02

பேன்ட் பாக்கெட்? 642 ஒன்று விலைக்கு வருகிறது.

ரேஞ்ச்ஆள் | 12 மே 2024, மதியம் 3.19

பாக்கெட்டுக்கு 642 சரியான தேர்வு, சுத்தியல் உள்ளே மூடியிருப்பதால் துணியில் மாட்டாது. பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம். அதே பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது: சாவி, சில்லறை, பேனா எதுவும். ட்ரிகர் கூண்டுக்குள் சாவி நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளங்கையைத் தட்டையாக விட்டுப் பற்றுங்கள்; பற்றியபின் கட்டைவிரலைச் சுத்தியலை மூடியிருக்கும் பின்பக்கத்தின் மேல் வையுங்கள். விரல்கள் முஷ்டியாக இருந்தால் பாக்கெட் வாயில் மாட்டும். ஒரு குறை: உட்கார்ந்தபடி பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். உங்கள் நாளில் பாதி காரில் போகிறதென்றால் யோசியுங்கள்.

புதியஉறுப்பினர்_டாலஸ் | 14 மே 2024, இரவு 11.21

எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021 முதல் லைசென்ஸே தேவையில்லை என்கிறார்களே, நானும் வாங்கலாமா?

பழையபெல்ட் | 15 மே 2024, காலை 6.32

வாங்காதீர்கள், கையிலும் வைக்காதீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் வந்தது மாநிலச் சட்டம். 21 வயதானவர்கள், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள், லைசென்ஸ் இல்லாமல் கொண்டுபோகலாம் என்பது. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டமே பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குமுன் துப்பாக்கிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். தவறினால் ஜெயில், அதற்குமேல் நாடுகடத்தல். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் எடுத்து வைப்பது நல்லது. 30.05 (மாநிலச் சட்டப்பிரிவின் எண்) பலகை போட்ட கடை லைசென்ஸ் இல்லாதவரை நிறுத்தும், லைசென்ஸ்காரரை நிறுத்தாது. மறைத்துக் கொண்டுபோகும் லைசென்ஸ்காரரை நிறுத்துவது 30.06 பலகை. மது விற்பனையே முக்கிய வருமானமான இடத்தில் சிவப்பில் 51% என்று போட்டிருப்பார்கள், அங்கே யாருக்கும் இல்லை. தபால் நிலையம் கூட்டாட்சிச் சொத்து, அதன் பார்க்கிங்கிலும் கூடாது. கோவில், தேவாலயங்களைப் பொறுத்தவரை 2019 செப்டம்பர் 1 முதல் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது, நிர்வாகம் தடை அறிவிப்பு கொடுத்திருந்தால் கூடாது. வாசலில் பலகையைப் பாருங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் எல்லாம் மாறும்.

ஷுகர்லேண்ட்அக்கா | 15 மே 2024, மாலை 7.55

வீட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். தோட்டா நிறைத்த துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால், டெக்சாஸில் பெரியவர்மேல் வழக்கு. அலமாரி உச்சி என்பது எட்டாத இடம் அல்ல, நாற்காலி போட்டால் எட்டும். கழற்றியதும் பெட்டகம். நடுவில் மேசை, மெத்தை, ஃபிரிட்ஜ் மேல், எதுவும் கிடையாது.

கேட்டிவாசி | 25 மே 2024, காலை 9.41

கைடெக்ஸ் வந்து ஒரு வாரம். 1 மணியில் நின்றாலும் நடந்தாலும் அற்புதம். உட்கார்ந்தால் ஹோல்ஸ்டரின் மேல்விளிம்பு தொப்பையில் கீறுகிறது. வியர்வையில் அந்த இடம் சிவந்துவிட்டது. இன்னொன்று, கழிவறையில் என்னதான் செய்கிறீர்கள்?

பழையபெல்ட் | 25 மே 2024, காலை 11.12

மேல்விளிம்பு: துப்பாக்கியை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, 220 எண் உப்புத்தாளால் உடம்புப் பக்க விளிம்பை உருண்டையாக்குங்கள், பிறகு 400, பிறகு 600. ஈரத்தில் தேய்த்தால் தூசு பறக்காது. முடிந்ததும் உள்ளே துகள் இல்லாமல் கழுவித் துடையுங்கள். சூடுகாட்டி வளைக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள், ட்ரிகர் பக்கம் வடிவம் கெட்டால் ஹோல்ஸ்டர் வீண். கோடை வெயிலில் கார் டேஷ்போர்டு மேல் வெறும் கைடெக்ஸை வைக்கவும் கூடாது, அதே காரணம்.

உள்ளே ஒரு பனியன் போடுங்கள், பேன்ட்டுக்குள் செருகும் நீளத்தில், ஹோல்ஸ்டருக்கும் தோலுக்கும் நடுவில். சிவப்பு போய்விடும்.

வியர்வை துப்பாக்கியையும் தின்னும். ஸ்லைடுக்கு நல்ல பூச்சு இருந்தாலும் குறிபார்க்கும் சைட், சின்னத் திருகாணி, மேகசின் உடல் துருப்பிடிக்கும். கோடையில் வாரம் ஒருமுறை தோட்டாவை நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு பூச்சு. நீக்கிய தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஈயமுனை கொஞ்சம் உள்ளே அமுங்கும், அமுங்கினால் அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்குங்கள்.

கழிவறை: துப்பாக்கி ஹோல்ஸ்டரிலேயே இருக்கட்டும். பேன்ட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அங்கே பெல்ட்டைத் திரும்பப் பூட்டிக் கால்களை விரித்தால் பெல்ட் இறுகி நிற்கும், துப்பாக்கி சரியாது. பக்கத்து அறையின் தடுப்புக்கடியில் தெரியாத மாதிரி பேன்ட் துணியை அதன்மேல் மடித்துவிடுங்கள். கதவுக் கொக்கியிலோ தண்ணீர்த் தொட்டி மேலோ தாள் பெட்டி மேலோ ஒருபோதும் வைக்காதீர்கள். மறந்துவிட்டுப் போனவர்களின் துப்பாக்கிகளைப் பொதுக் கழிவறைகளில் கண்டெடுப்பது அப்படித்தான்.

ரேஞ்ச்ஆள் | 25 மே 2024, மதியம் 12.30

முன்பக்கம் வைக்கிறீர்கள் என்பதால் திரும்பச் செருகும் முறையைச் சொல்லியே ஆக வேண்டும். குழல் உங்கள் தொடையின் பெரிய ரத்தக்குழாய் பக்கம் பார்க்கிறது. அவசரமே இல்லை. விரல் ட்ரிகருக்கு வெளியே, ஸ்லைடில். இடது கையால் சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடியுங்கள். இடுப்பை முன்னால் தள்ளி, மேலுடம்பைப் பின்னால் சாயுங்கள். குழல் உடம்பைவிட்டு வெளிப்பக்கம் பார்க்கும். ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பாருங்கள், துணி இல்லை என்று உறுதியானபின் மெல்ல இறக்குங்கள். ஏதாவது தடுத்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். வீட்டில் காலையில் மாட்டும்போது இதைவிடச் சுலபம்: துப்பாக்கியை மேசையில் ஹோல்ஸ்டருக்குள் செருகி, இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுங்கள்.

கேட்டிவாசி | 2 ஜூன் 2024, இரவு 8.16

விளிம்பு தேய்த்தாயிற்று, பனியனும் போட்டாயிற்று. நின்றால் 1 மணி, சரி. காரில் இன்னும் கீழ்முனை தொடைமடிப்பில். வெட்ஜ் முக்கால் அங்குலம்.

பழையபெல்ட் | 2 ஜூன் 2024, இரவு 9.03

ஹோல்ஸ்டரை கால் அங்குலம் மேலே ஏற்றுங்கள், கிளா இன்னும் பெல்ட்டுக்குள் படுகிறதா என்று பார்த்துக்கொண்டு. இடத்தையும் அரை அங்குலம் வலப்பக்கம் தள்ளுங்கள். பேன்ட்டின் பெல்ட் வளையம் தடுத்தால் வளையத்தின் இருபுறமும் கிளிப் உட்காரும்படி மாற்றலாம். பெல்ட் பக்கிளை இடது பக்கம் ஒதுக்குங்கள், துப்பாக்கிக்கு மேல் பக்கிளும் சேர்ந்தால் அங்கேயே மேடு விழும்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் ரேஞ்ச்ஆள் சொன்ன 3.30-க்குப் போங்கள், 15 டிகிரி சாய்வோடு. வெட்ஜைக் கழற்றிவிடலாம், அங்கே தேவைப்படாது. உங்கள் தொப்பை பெல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்றே இப்போது தோன்றுகிறது.

கேட்டிவாசி | 9 ஜூன் 2024, மாலை 6.40

3.30, 15 டிகிரி, வெட்ஜ் இல்லை. காரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் உறுத்தவில்லை. குனியும்போது மட்டும் பிடி தெரிகிறது.

ரேஞ்ச்ஆள் | 9 ஜூன் 2024, இரவு 7.22

இடுப்பை வளைத்துக் குனியாமல் முழங்காலை மடக்கிக் கீழே போங்கள். டெக்சாஸில் லைசென்ஸ்காரர் ஹோல்ஸ்டரில் வெளிப்படையாகவும் கொண்டுபோகலாம், 2016 முதல். சட்டையில் வடிவம் தெரிந்ததற்காக மட்டும் இங்கே குற்றமாகாது. 30.07 பலகை உள்ள இடத்தில் மட்டும் கவனம், வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுப்பது அதுதான்.

சாய்வை மாற்றியபோது தொட்ட திருகாணிகளுக்கு நீல லாக்டைட் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போட்டீர்களா? கைடெக்ஸில் படாமல், திருகாணியின் மரையில் மட்டும். ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பாருங்கள், இந்தத் திருகாணிகள் நடக்க நடக்கத் தளரும்.

கேட்டிவாசி | 9 ஜூன் 2024, இரவு 7.31

போடவில்லை. இப்போதே போடுகிறேன், நாளை பெட்டகத்தில் இருக்கட்டும்.